தேயிலைச் சாற்றுக்கு அப்பால்: ஊக்கிக்கான உலோக நனோப் பளிங்குகளுக்கு வடிவம் கொடுப்பது எப்படி

இறுதியாண்டு ஆராய்ச்சிக்கு நனோதான் வேண்டும் என்று வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் கையில் ஒரு தேயிலைப் பக்கற்றோடு வருகிறார்கள். காரணம் எனக்குத் தெரியும். நாங்கள் மலையகத்துப் பிள்ளைகள். வீட்டில் யாராவது ஒருவர் கொழுந்து எடுத்திருப்பார். என் அம்மா பொகவந்தலாவைப் பக்கம் எடுத்தவர். எங்கள் இலையில் இருந்தே ஓர் ஊக்கி, அதாவது தான் செலவாகாமல் தாக்கத்தை வேகமாக்கும் ஒரு பொருள், செய்தோம் என்று சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் ஆசை இருக்காது?

தேயிலைச் சாறு வெள்ளி அயனைத் தாழ்த்தும், அதில் சந்தேகமே இல்லை. இலையில் உள்ள பொலிபீனோல்கள் இலத்திரனைக் கொடுக்கும், வெள்ளி அணுக்கள் ஒன்று சேரும், கரைசல் மஞ்சளாகிக் கபிலமாகும். ஆனால் கிடைப்பது பெரும்பாலும் உருண்டைதான், அதுவும் சிறிதும் பெரிதுமாகக் கலந்த உருண்டை. அந்தச் சாற்றுக்குள் எத்தனையோ மூலக்கூறுகள் இருக்கின்றன. எது தாழ்த்துகிறது, எது பளிங்கின் எந்த முகத்தில் போய் ஒட்டுகிறது என்று உங்களால் சொல்ல முடியாது. மேட்டு நிலத்து இலைக்கும் பள்ளத்து இலைக்கும், பச்சைத் தேயிலைக்கும் புளிக்க வைத்த கறுப்புத் தேயிலைக்கும் சேர்மானம் வேறு. வடிவம் வேண்டும் என்றால் இரண்டு கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்க வேண்டும்: அணு எவ்வளவு வேகமாக வந்து சேர்கிறது? எந்த முகம் மறைக்கப்பட்டிருக்கிறது? மீதி எல்லாம் இந்த இரண்டில் இருந்து வருவதுதான்.

பேராதனையில் ஆய்வுகூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை இங்கே எழுதுகிறேன். உயர்தரத்தைத் தமிழில் படித்துவிட்டு வருகிறவர்களை மனதில் வைத்து எழுதுவதால், பாடப்புத்தகச் சொற்களையே முடிந்தவரை பாவிக்கிறேன்.

வடிவம் ஏன் முக்கியம்

வெள்ளி, பொன், பலேடியம், பிளாற்றினம் எல்லாமே முகமைய சதுரமுகிக் கட்டமைப்பு. உள்ளே இருக்கும் ஒவ்வோர் அணுவுக்கும் 12 அயலவர்கள். மேற்பரப்புக்கு வந்தால் எண்ணிக்கை குறையும், எவ்வளவு குறையும் என்பது முகத்தைப் பொறுத்தது. (111), (100) என்பவை, பளிங்கை எந்தத் திசையில் வெட்டிய முகம் என்று காட்டும் பெயர்கள். (111) முகத்தில் ஓர் அணுவுக்கு 9 அயலவர், (100) முகத்தில் 8, (110) முகத்தில் 7. சதுரமுகியின் விளிம்பில் 5, மூலையில் வெறும் 3. அயலவர் குறையக் குறைய அந்த அணு வெளியே இருந்து வருகிற மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளத் தவிக்கும். ஊக்கல் நடப்பது அந்த இடத்தில்தான்.

எண்முகியை மூடியிருப்பது (111) முகங்கள். சதுரமுகியை மூடியிருப்பது (100) முகங்கள். ஆகவே வடிவத்தைத் தெரிவு செய்கிறீர்கள் என்றால், தாக்கத்துக்கு எந்த அணு ஒழுங்கைக் காட்டுவது என்பதைத் தெரிவு செய்கிறீர்கள். இது வேகத்தை மட்டும் மாற்றுகிற விஷயம் இல்லை, விளைவையே மாற்றும். 2007இல் அமெரிக்க இரசாயனவியலாளர் சொமொர்ஜாயின் குழுவினர் பென்சீனைப் பிளாற்றின நனோப் பளிங்குகளின்மேல் ஐதரசனேற்றினார்கள். சதுரமுகிகள் சைக்குளோஎட்சேனை மட்டும் கொடுத்தன. மூலை வெட்டப்பட்ட சதுரமுகி–எண்முகிக் கலப்பு வடிவம் சைக்குளோஎட்சேன், சைக்குளோஎட்சீன் இரண்டையும் கொடுத்தது. உலோகம் ஒன்றுதான், தாக்கம் ஒன்றுதான், முகம்தான் வேறு. அதே 2007இல் சீனாவின் சியாமென் பல்கலைக்கழகத்தில் 24 முகம் கொண்ட பிளாற்றினப் பளிங்கு செய்தார்கள். படிபடியான அணு ஒழுங்குள்ள முகங்கள் அவை. போமிக் அமிலத்தையும் எதனோலையும் ஒட்சியேற்றுவதில், ஒரே அளவு மேற்பரப்புக்கு, வழமையான பிளாற்றினத்தை விடப் பல மடங்கு வேலை செய்தது.

வேகமாக வளரும் முகம் மறைந்துபோகும்

பிள்ளைகளுக்குப் புரியச் சிரமப்படுகிற இடம் இதுதான், எனவே ஒரு பென்சிலை எடுங்கள். ஒரு சதுரம் கீறி, நான்கு மூலையையும் சிறிது வெட்டிவிடுங்கள். இப்போது எட்டுப் பக்கம் இருக்கும்: நான்கு நீளமானவை, நான்கு குட்டையானவை. குட்டைப் பக்கங்களை வெளிப்பக்கமாக வேகமாக நகர்த்துங்கள், நீளப் பக்கங்களை மெதுவாக நகர்த்துங்கள். சமாந்தரமாகத்தான் நகர்த்த வேண்டும். நாலைந்து தடவை கீறியதும் குட்டைப் பக்கங்கள் இன்னும் குட்டையாகி, கடைசியில் ஒரு புள்ளியாகிக் காணாமல் போகும். கூரான மூலையோடு முழுச் சதுரம் நிற்கும். வேகமாக வளர்ந்த முகம் தன்னைத்தானே அழித்துக்கொண்டது, மெதுவாக வளர்ந்ததுதான் மிஞ்சியது.

ஆகவே சதுரமுகி வேண்டுமா, (100) முகத்தின் வளர்ச்சியை மெதுவாக்குங்கள். எண்முகி வேண்டுமா, (111)ஐ மெதுவாக்குங்கள். கணக்கில் சொன்னால், (100) திசையின் வளர்ச்சி வேகத்தை (111) திசையின் வேகத்தால் வகுத்துப் பாருங்கள். 0.58 வந்தால் சதுரமுகி, 1.73 வந்தால் எண்முகி, இடையில் 0.87 அளவில் இரண்டும் கலந்த வடிவம்.

மெதுவாக்குவது எப்படி? அந்த முகத்தில் மட்டும் விரும்பி ஒட்டுகிற ஒன்றைக் கரைசலில் போடுவதுதான் வழி. வெள்ளிக்குச் சித்திரேற்று (111) முகத்தில் ஒட்டும். பிவிபி (பொலிவைனைல்பிரோலிடோன்) என்ற பல்பகுதியம் (100) முகத்தில் ஒட்டும். பலேடியத்திலும் பிளாற்றினத்திலும் புரோமைட்டு (100) முகத்தைப் பிடித்துக்கொள்ளும். பொன்னில் அயடைட்டு (111) முகத்தை விரும்பும். இதை மனப்பாடம் செய்யச் சொல்வது எனக்குப் பிடிக்காத வேலை, ஆனாலும் இந்த ஒரு பந்தியை மனதில் வைத்திருங்கள்.

அடுத்தது கரு, அதாவது அணுக்கள் முதலில் கூடி உருவாகும் சிறு பளிங்கு. 1950இல் லமேர், டினேகர் இருவரும் காட்டியது போல, அணுச் செறிவு ஓர் எல்லையைத் தாண்டியதும் கருக்கள் ஒரே வீச்சில் தோன்றும். பிறகு செறிவு இறங்கி, வளர்ச்சி மட்டும் நடக்கும். இந்த இரண்டையும் எவ்வளவு தெளிவாகப் பிரிக்கிறீர்களோ அவ்வளவுக்குத் துணிக்கைகள் ஒரே அளவாக இருக்கும். கருவுக்குள் இருக்கும் குறையும், அதாவது அணு அடுக்கில் உள்ள பிழையும், வடிவத்தைத் தீர்மானிக்கும். குறையில்லாத தனிப் பளிங்குக் கரு சதுரமுகியாகவோ எண்முகியாகவோ வளரும். ஐந்து இரட்டைத் தளம் (இரு பக்கமும் அணு ஒழுங்கு கண்ணாடிப் பிம்பம் போல இருக்கும் தளம்) உள்ள கரு கம்பியாக நீளும். ஒன்றுக்கொன்று சமாந்தரமான அடுக்குக் குறை உள்ள கரு தட்டையான தகடாகும். பிறந்த பிறகு கருவின் குறையை மாற்ற முடியாது. ஆனால் வேண்டாத கருவைக் கரைத்து எடுக்க முடியும். கீழே வருகிற முறையில் ஐதரசன் பேரொட்சைட்டு செய்வது அந்த வேலைதான்.

முதலில் வெள்ளித் தகடு செய்யுங்கள்

பலேடியமோ பிளாற்றினமோ எடுத்த எடுப்பில் தொடாதீர்கள். அவை எந்த வடிவத்தில் இருந்தாலும் கரைசல் கறுப்புக் கபிலம்தான். வெள்ளி அப்படி இல்லை. வடிவம் மாறினால் நிறம் மாறும். இலத்திரன் நுணுக்குக்காட்டிக்கு முறை வரும்வரை காத்திருக்கிற எங்களுக்கு இது பெரிய வசதி. போத்தலை வெளிச்சத்தில் பிடித்தாலே பாதி விடை தெரியும்.

முதல் வேலை கண்ணாடிப் பாத்திரம். வெள்ளிக்குப் பாத்திரத்தை நைத்திரிக் அமிலத்தால் மட்டும் கழுவுங்கள். பொன்னுக்குப் பாவிக்கும் இராச திராவகத்தை இங்கே எடுக்க வேண்டாம். அதில் ஐதரோகுளோரிக் அமிலம் இருக்கிறது. சுவரில் மிஞ்சுகிற குளோரைட்டு வெள்ளியை வெண்மையாகப் படிய வைக்கும், வந்த தகட்டின் மூலையையும் தின்னும். பிறகு அயன் நீக்கிய நீரால் பல தடவை அலசுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரின் போடுகிறார்கள். மலையூற்றுத் தண்ணீர் எவ்வளவு சுத்தமாகத் தெரிந்தாலும் அதிலும் அயன்கள் உண்டு. இரண்டும் கடைசி அலசலுக்கு உதவாது.

கரைசல்கள் ஐந்து. முச்சோடியம் சித்திரேற்று 12.5 மில்லிமோலர்: ஈரைதரேற்று என்றால் 100 மில்லிலீற்றருக்கு 0.37 கிராம். வெள்ளி நைத்திரேற்று 0.375 மில்லிமோலர்: 100 மில்லிலீற்றருக்கு 6.4 மில்லிகிராம்தான் வரும், அதை நேரே நிறுப்பது சரிப்படாது. 64 மில்லிகிராம் நிறுத்துக் கரைத்து, அதைப் பத்து மடங்கு ஐதாக்குங்கள். ஐதரசன் பேரொட்சைட்டு 50 மில்லிமோலர்: 30 சதவீதக் கரைசலில் அரை மில்லிலீற்றரை 100 மில்லிலீற்றராக்கினால் ஏறத்தாழ அந்தச் செறிவு வரும். பாமசியில் காயத்துக்கு விற்பதை வாங்க வேண்டாம், அதில் நிலைப்படுத்திகள் கலந்திருக்கும். பொற்றாசியம் புரோமைட்டு 1 மில்லிமோலர்: 100 மில்லிலீற்றருக்கு 12 மில்லிகிராம். கடைசியாகச் சோடியம் போரோஐதரைட்டு 5 மில்லிமோலர்: 100 மில்லிலீற்றருக்கு 19 மில்லிகிராம்.

போரோஐதரைட்டு நீரோடு தாக்கமடைந்து ஐதரசனை வெளிவிட்டுக்கொண்டே இருக்கும். காலையில் கரைத்து வைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்து பாவித்தால் போத்தலில் நீங்கள் நினைக்கிற செறிவு இருக்காது. மற்ற நான்கையும் கலந்து வைத்த பிறகு, ஐஸுக்குள் வைத்துக் குளிர்ந்த நீரில் கரைத்து, உடனே பாவியுங்கள். மூடியை இறுக்க வேண்டாம்.

சரி, கலப்பது. சிறிய கண்ணாடிப் போத்தல்கள் நாலைந்தை வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றிலும் சித்திரேற்று 2.0 மில்லிலீற்றர், வெள்ளி நைத்திரேற்று 5.0, பேரொட்சைட்டு 5.0. அப்புறம் புரோமைட்டு: முதல் போத்தலுக்கு ஒன்றுமில்லை, கடைசிப் போத்தலுக்கு 40 மைக்ரோலீற்றர், இடையில் உள்ளவற்றுக்கு 20, 25, 30 என்று கூட்டிக்கொண்டு போங்கள். பிறகு எல்லாவற்றுக்கும் புதிய போரோஐதரைட்டு 2.5 மில்லிலீற்றர். ஊற்றுவதை ஒரே மூச்சில் ஊற்றி, உடனே சுழற்றுங்கள்.

இந்த இடத்தில் போத்தலை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள். ஊற்றியதும் இளமஞ்சள். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காதது போல இருக்கும், சின்னக் குமிழிகள் மட்டும் எழும். மஞ்சள் சற்றுத் தடிக்கும். பிறகு திடீரென்று செம்மஞ்சள், சிவப்பு, ஊதா, நீலம் என்று சில நிமிடத்துக்குள் ஓடும். புரோமைட்டு போடாத போத்தல் நீலம்வரை போகும். 40 மைக்ரோலீற்றர் போட்டது மஞ்சளிலேயே நின்றுவிடும். இடையில் உள்ளவை சிவப்பிலும் ஊதாவிலும் நிற்கும். எல்லாப் போத்தலிலும் வெள்ளியின் அளவு ஒன்றுதான். புரோமைட்டு தகட்டின் பக்கவாட்டு வளர்ச்சியைத் தடுக்கிறது. கூடப் போடப் போடத் தகடு சிறியதாகும், சிறிய தகடு குறைந்த அலைநீளத்தை உறிஞ்சும். ஒரு துளி உப்பு ஒரு பளிங்கின் உருவத்தை எப்படிப் பிடித்து நிறுத்துகிறது என்பதை வெறும் கண்ணால் பார்க்கக்கூடிய இடம் இது. வருடா வருடம் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை.

நடக்கவில்லை என்றால் காரணம் தேடுவது இப்படி. மஞ்சளிலேயே நின்று அசையவில்லை என்றால் பேரொட்சைட்டு செத்துவிட்டது, அல்லது புரோமைட்டு அளவு பிழைத்துவிட்டது. நிறமே வராமல் வெளிறிப்போய் இருந்தால் போரோஐதரைட்டு பழையது. போரோஐதரைட்டு ஊற்றும் முன்னரே வெண்மையாகக் கலங்கினால் தண்ணீரில் குளோரைட்டு. சாம்பல் நிறமாகக் கலங்கிப் படிந்தால் துணிக்கைகள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன, பெரும்பாலும் பாத்திர அழுக்குத்தான். இராகலை, நுவரெலியாப் பக்கம் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் செய்கிறவர்கள், குளிரில் நிறம் ஓடுவது மெதுவாகும் என்பதை மனதில் வைத்து, தண்ணீர்த் தொட்டியில் 25 பாகையில் வைத்துச் செய்யுங்கள்.

நிறமாலை ஒளிமானி இருந்தால் 300இல் இருந்து 900 நனோமீற்றர்வரை எடுங்கள். தகட்டுக்கு 331 நனோமீற்றருக்குக் கிட்ட ஒரு சிறிய கூர் உச்சி இருக்கும், 600க்கும் 700க்கும் இடையில் பெரிய உச்சி. உருண்டைக்கு 400க்குக் கிட்ட ஒரே உச்சி. அடுத்த நாளும் எடுங்கள். பெரிய உச்சி குறைந்த அலைநீளத்துக்கு நகர்ந்திருந்தால் மூலை மழுங்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

குளிரும் உயரமும்

வெளிநாட்டுச் செய்முறையில் அறை வெப்பநிலை என்று ஒரு சொல் வரும். நானுஓயாவில் அறை வெப்பநிலை வேறு, கொழும்பில் வேறு. பொற்கோல் (கோல் வடிவப் பொன் நனோப் பளிங்கு) செய்கிறவர்களுக்கு இது உடனே அடிக்கும். அதற்குப் பாவிக்கும் செற்றைல்திரைமெதைலமோனியம் புரோமைட்டு ஏறத்தாழ 25 பாகைக்குக் கீழே நீரில் கரைந்து நிற்காது. மார்கழி, தை மாதங்களில் இரவு கரைத்து வைத்தால் காலையில் போத்தல் முழுக்க வெள்ளை ஊசிகள். கரைசல் கெட்டுவிடவில்லை, 30 பாகைத் தொட்டியில் வைத்து மெதுவாகச் சுழற்றினால் திரும்பக் கரையும். ஆனால் வித்துக் கரைசலையும் (சிறு பொன் கருக்கள் உள்ளது), அவை கோலாக வளரும் வளர்ச்சிக் கரைசலையும் தாக்கம் முடியும்வரை 27இல் இருந்து 30 பாகைக்குள் வைத்திருக்க வேண்டும். வாங்கும்போது தூய்மையையும் பாருங்கள். அதில் மிகச் சிறிய அளவு அயடைட்டு கலந்திருந்தாலும் கோல் வராது. குளோரைட்டு வேண்டும் என்று கறி உப்பை எடுக்கக்கூடாது என்பதும் இதனால்தான், எங்கள் கடை உப்பு அயடீன் சேர்த்தது.

உயரம் அடுத்தது. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, அங்கே தண்ணீர் 94 பாகைக்குக் கிட்டவே கொதித்துவிடும். பேராதனையில் 98. 1951இல் டர்கெவிச் எழுதிய சித்திரேற்று முறையில் பொன் செய்கிறவர்கள் கொதிக்க வைத்தேன் என்று மட்டும் எழுதினால் போதாது, எத்தனை பாகை என்று எழுத வேண்டும். இதனால்தான் நான் 80 பாகையில் நடக்கிற முறைகளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன். கொதிநிலைக்குக் கீழே இருப்பதால் மலை உச்சியிலும் அடிவாரத்திலும் ஒரே மாதிரி நடக்கும்.

அடுத்தது பலேடியச் சதுரமுகி

இது உண்மையான ஊக்கி உலோகம், விலையும் அதற்கேற்ற மாதிரி. வெள்ளியில் கை பழகிய பிறகு செய்யுங்கள். 8 மில்லிலீற்றர் நீரில் பிவிபி 105 மில்லிகிராம், அசுக்கோபிக் அமிலம் 60 மில்லிகிராம், பொற்றாசியம் புரோமைட்டு 300 மில்லிகிராம் கரைத்து, 80 பாகை எண்ணெய்த் தொட்டியில் பத்து நிமிடம் காந்தக் கலக்கியோடு சூடாக்குங்கள். சோடியம் நாற்குளோரோபலேடேற்று 57 மில்லிகிராமை 3 மில்லிலீற்றர் நீரில் கரைத்து, குழாயியால் ஒரேயடியாக விடுங்கள். மூடி மூன்று மணித்தியாலம் வையுங்கள். இருபது நனோமீற்றருக்குச் சற்றுக் குறைந்த சதுரமுகிகள் கிடைக்கும்.

ஒவ்வொன்றும் எதற்கு என்று இப்போது உங்களுக்கே தெரியும். அசுக்கோபிக் அமிலம் தாழ்த்துகிறது, போரோஐதரைட்டைப் போல வேகமாக இல்லை. புரோமைட்டு இரண்டு வேலை செய்கிறது: (100) முகத்தில் ஒட்டுகிறது, பலேடிய அயனோடு சேர்ந்து சிக்கலயனாகித் தாழ்த்தலையும் மெதுவாக்குகிறது. காற்றில் உள்ள ஒட்சிசனும் ஏலைட்டும் (இங்கே புரோமைட்டு, குளோரைட்டு) சேர்ந்து, குறையுள்ள கருக்களைக் கரைத்துத் தனிப் பளிங்குக் கருக்களை மிச்சம் வைக்கின்றன. புரோமைட்டைக் குறைத்தால் மூலை மழுங்கும்.

நிறத்தில் எதுவும் தெரியாதே, எப்படிப் பார்ப்பது? நுணுக்குக்காட்டிக்கு அனுப்பும் முன்னர் எக்ஸ்-கதிர்க் கோணலை எடுத்துப் பாருங்கள். கழுவிய துளியைக் கண்ணாடித் தட்டில் மெதுவாகக் காய விட்டால் சதுரமுகிகள் தட்டையாகப் படுக்கும். சாதாரண பலேடியத் தூளில் 46.6 பாகைக் கோணத்தில் வரும் (200) உச்சி (இது (100) முகத்துக்கு உரியது), 40.1 பாகைக் கோணத்தில் வரும் (111) உச்சியின் பாதியளவுதான் இருக்கும். சதுரமுகிகள் படுத்திருந்தால் அந்த (200) உச்சி எழும்பி நிற்கும். நுணுக்குக்காட்டிப் படம் கிடைத்த பிறகு அழகான ஒரு மூலையைப் பெரிதாக்கி அறிக்கையில் ஒட்டிவிட்டு இருந்துவிடாதீர்கள். வெவ்வேறு இடத்தில் எடுத்த படங்களில் இருநூறு துணிக்கையாவது எண்ணி, எத்தனை வீதம் சதுரமுகி என்று எழுதுங்கள்.

ஊக்கியாக ஓடவைத்துப் பார்ப்பது

எங்கள் வசதிக்கு ஏற்ற சோதனை, போரோஐதரைட்டைக் கொண்டு 4-நைத்திரோபீனோலை 4-அமினோபீனோலாகத் தாழ்த்துவது. போரோஐதரைட்டு சேர்த்ததும் 317 நனோமீற்றரில் இருந்த உச்சி 400க்குப் போகும், நல்ல மஞ்சள். ஊக்கி இல்லாமல் மணிக்கணக்காக வைத்தாலும் அந்த மஞ்சள் அப்படியே நிற்கும். ஊக்கி விட்டதும் 400 இறங்கும், 300 எழும்பும். கடைசிச் செறிவு நைத்திரோபீனோல் 0.1 மில்லிமோலர், போரோஐதரைட்டு அதைப்போல நூறு மடங்கு, ஊக்கிக் கரைசல் சில பத்து மைக்ரோலீற்றர். போரோஐதரைட்டு இவ்வளவு அதிகமாக இருப்பதால் முதலாம் வரிசைத் தாக்கம் போல நடக்கும். உறிஞ்சலின் இயற்கை மடக்கையை நேரத்துக்கு எதிராகக் கீறினால் சாய்வில் இருந்து வேக மாறிலி வரும். நைத்திரோபீனோல் நஞ்சு, கையுறை கட்டாயம்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஊக்கியை முதலில் மையநீக்கியில் போட்டுக் கழுவுங்கள், இல்லாவிட்டால் மிஞ்சிய பேரொட்சைட்டு போரோஐதரைட்டைத் தின்னும். தொடக்கத்தில் ஒன்றும் நடக்காத ஓர் இடைவேளை வரலாம். கரைந்திருக்கும் ஒட்சிசனுக்கு அதில் பங்குண்டு, அந்தப் பகுதியைச் சாய்வுக்குள் சேர்க்க வேண்டாம். ஐதரசன் குமிழி குவெட்டின் (ஒளிமானிக்குள் கரைசலை வைக்கும் சிறு கலத்தின்) சுவரில் ஒட்டி வாசிப்பைத் துள்ள வைக்கும், மெதுவாகத் தட்டிவிடுங்கள். வெள்ளி உருண்டையின் சொந்த உச்சியும் 400இல்தான் இருக்கிறது. நைத்திரோபீனோல் இல்லாமல் அதே அளவு ஊக்கியை மட்டும் போட்டு ஒரு வாசிப்பு எடுத்துக் கழிக்காவிட்டால் முழுக் கணக்கும் சரிந்துவிடும்.

இப்போது தேயிலைக்கு வருவோம். அந்த உருண்டைகளைத் தூக்கிப்போட வேண்டாம், அவை உங்கள் ஒப்பீட்டு மாதிரி. ஒரே பக்கற்றுத் தூள், ஒரே நிறை, ஒரே வெப்பநிலை, ஒரே நேரம் என்று பிடித்துச் சாறு எடுத்து உருண்டை செய்து, தகட்டோடு போட்டியில் விடுங்கள். ஆனால் தகடு முந்தியதும் வடிவம் வென்றது என்று எழுதிவிடாதீர்கள். முதலில் பரப்பைக் கணக்கிடுங்கள். 20 நனோமீற்றர் விட்டமுள்ள வெள்ளி உருண்டைக்கு ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 29 சதுர மீற்றர் மேற்பரப்பு. 5 நனோமீற்றர் தடிப்புள்ள தகட்டுக்கு மேல் கீழ் முகங்கள் மட்டுமே 38. அதாவது ஒரே நிறை வெள்ளிக்குத் தகடு 1.3 மடங்கு வேகமாக ஓடினால் அது பரப்பின் கணக்கு, முகத்தைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியவில்லை. வேக மாறிலியைச் சதுர மீற்றருக்கு வகுத்த பிறகும் வித்தியாசம் நின்றால்தான் வடிவத்தைப் பற்றிப் பேசலாம். அப்போதும் உருண்டையின்மேல் தேயிலைப் பொலிபீனோல் போர்வையாகக் கிடக்கிறது, தகட்டின்மேல் சித்திரேற்று. போர்வை வேறானாலும் வேகம் மாறும். முடிந்தால் தேயிலை உருண்டையோடு சித்திரேற்று உருண்டை ஒன்றையும் ஓடவிடுங்கள்.

போர்வை பலேடியத்தில் இன்னும் பெரிய தலைவலி. முகத்தை உருவாக்கிய அதே புரோமைட்டும் பிவிபியும் தாக்கிகளுக்கு வழிமறித்து நிற்கும். நீராலும் எதனோலாலும் மையநீக்கியில் இரண்டு மூன்று தடவை கழுவுங்கள். அதற்கு மேல் போனால் துணிக்கைகள் ஒட்டிக்கொள்ளும். போரோஐதரைட்டு ஒட்டியிருக்கும் புரோமைட்டைத் தளர்த்தும். காற்றில் சூடாக்கி பிவிபியை எரிக்கலாம் என்பார்கள். சூடு கூடினால் மூலைகள் உருகி உருண்டையாகும், அப்புறம் செய்த வேலைக்கு அர்த்தமில்லை.

தாக்கம் முடிந்த பிறகு ஊக்கியைத் திரும்ப எடுத்து நிறமாலையும் படமும் எடுங்கள். 2004இல் எல்-சையட்டின் குழுவினர் பிளாற்றின நான்முகிகளைத் தாக்கத்தின் முன்னும் பின்னும் பார்த்தார்கள். வேகமாக வேலை செய்த கூர் மூலைகள்தான் முதலில் கரைந்து போயிருந்தன. எத்தனை சுற்றுக்கு வடிவம் நிற்கிறது என்பதையும் வேக மாறிலிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள்.

கழிவை ஊற்றும் முன்னர்

வெள்ளிக் கழிவைத் தொட்டியில் ஊற்றக்கூடாது. வெள்ளி நுண்ணுயிர்களைக் கொல்லும், எங்கள் வடிகாலுக்குக் கீழே இருப்பது மகாவலி. போரோஐதரைட்டு கலந்த மீதியைத் திறந்த முகவையில் புகைக்கூண்டுக்குள் ஒரு நாள் வையுங்கள். அதற்குள் அமிலம் ஊற்ற வேண்டாம், ஐதரசன் பொங்கி வரும். குமிழி அடங்கியபின் வெள்ளிக் கழிவுப் போத்தலுக்கு மாற்றுங்கள். அந்தப் போத்தலுக்குக் கறி உப்புப் பாவிக்கலாம். கரைசலில் மிஞ்சியிருக்கும் வெள்ளி அயன் வெள்ளிக் குளோரைட்டாக அடியில் படியும், துணிக்கைகளும் ஒட்டிச் சேர்ந்து இறங்கும், வடிகட்டி எடுத்துச் சேர்த்து வைக்கலாம். பலேடியத்துக்கு வேறு போத்தல், நைத்திரோபீனோலுக்கு வேறு போத்தல். மூன்றிலும் பெயரும் திகதியும் எழுதி ஒட்டிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.